பேர் சொல்லாத பாட்டு

பிப்ரவரி 16, திங்கள்

அம்மா தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போடச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். ஃபேன் காற்று முகத்தில் அடிக்கிறதாம். மாற்றிப் போட்டு, அம்மாவை மெதுவாகத் திருப்பிப் படுக்க வைத்த பிறகுதான் கவனித்தேன். இந்தப் பக்கம் தலை வைத்தால் ஜன்னல் வழியாக வெளிக் கேட் தெரிகிறது. காற்று இந்தப் பக்கமும் அப்படியேதான் அடிக்கிறது.

இந்த டைரி அப்பாவுக்கு யாரோ கொடுத்தது. வருஷா வருஷம் யாராவது கொடுப்பார்கள், அப்பா எழுத மாட்டார். அப்பாவுக்கு எல்லாம் வாயிலேயே வந்துவிடும். எனக்கு வாயில் ஒன்றும் வராது. அதனால் நான் எடுத்துக்கொண்டேன்.

அப்பாதான் இந்த ஆசீர்வாதவிளைக் கோயிலுக்குப் போதகர். போதகர் என்பது கேட்டில் மாட்டிய பலகையில் மட்டும்தான். ஊரில் எல்லாருக்கும் அவர் ஐயர், அம்மா ஐயரம்மா. நாங்கள் இருப்பது கோயிலை ஒட்டி ஐயருக்குக் கொடுக்கிற வீட்டில், குருமனையில். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தாள். வயிற்றில் ஆபரேஷன் ஆன வருஷம் வேலையை விட்டாள். அதே வருஷம் நான் பிளஸ் ஒன் பாதியில் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வீட்டில் யாராவது இருக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு வெளியூர்ப் பிரசங்கக் கூட்டங்கள் இருந்தன.

போன மாதம் டாக்டர், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஈஸ்டர் வரைக்கும் பயமில்லை என்றும் சொன்னார். அப்பா இரண்டாவது சொன்னதை மட்டும்தான் எல்லாரிடமும் சொல்கிறார்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

காலை ஆராதனைக்கு நான் போகவில்லை. கோயில் ஒலிபெருக்கி, அந்தக் குழாய் ரேடியோ, குருமனைப் பக்கம்தான் பார்த்திருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டே இரண்டு பேரும் பிரசங்கத்தைக் கேட்டோம்.

அப்பா எப்போதும் போல ஒரு பழைய பாட்டில்தான் ஆரம்பித்தார். ஒரு வீடு. விடிகிற நேரம். புருஷன் சுரைக் குடுக்கையில் தண்ணீர் நிரப்பி, வாயைத் துணியால் கட்டுகிறான். பாலைவழி போகிறவன்தான் அப்படிக் கட்டுவான். பெண்சாதியிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் படுத்தபடியே அந்த முடிச்சைப் பார்க்கிறாள். பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது, போகப்போகிறான் என்று. அவ்வளவுதான் பாட்டு. அப்பா குரலைத் தாழ்த்தி, "பாலை என்பது வெறும் மணல் அல்ல பிரியமானவர்களே, பாலை என்பது பிரிவு. ஆண்டவர் வனாந்தரத்துக்குப் போனபோது யாரைப் பிரிந்து போனார்?" என்று கேட்டார். கோயிலுக்குள் இருமல் சத்தம்கூட இல்லை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "முடிச்சு நல்லா வந்துருக்கு" என்றாள். அப்புறம், "நான் சொன்னப்போ குடுக்கை மட்டும்தான் சொன்னேன். முடிச்சு அவர் போட்டது" என்றாள்.

இது ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் அப்பா பிரசங்கம் பண்ணினால் ஜனங்கள் தூங்குவார்களாம். அம்மாதான் ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே, "உங்க சபை வருஷமும் எங்க பழைய பாட்டும் ஒண்ணுதான் ஐயரே" என்றாளாம். ஆண்டவர் வருகைக்குக் காத்திருக்கிற டிசம்பர் மாதம் முல்லை, ஏனென்றால் முல்லை என்றால் காத்திருத்தல். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் பாலை. ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளின் வாரம் நெய்தல், கடற்கரையில் நின்று அழுகிற நிலம். ஈஸ்டர் தோட்டம் குறிஞ்சி, பிரிந்தவர்கள் சேருகிற இடம். கடவுளோடு மனுஷன் கோபித்துக்கொண்டு பேசுகிறதெல்லாம் மருதம், ஊடல். அப்பா மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாராம்.

ஆராதனை முடிந்து சபைச் செயலர் ஆசீர் மாமா அப்பாவோடு நடையில் ஏறி வந்தார். "ஐயர்வாள், பேச்செல்லாம் அமிர்தம்தான். ஆனா நெத்தியில சாம்பலப் பூசிக்கிட்டு தலைவன் தலைவி கதை கேட்டா, எங்க வீட்டுக்காரி என்னையப் பாத்துச் சிரிக்கா" என்றார். அப்பா, "சிரிச்சாளா? அப்பம் பிரசங்கம் பலிச்சிட்டு" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமா என்னைப் பார்த்து, "ஏ ஊமைக்குயிலு, காப்பி உண்டா?" என்றார். நான் போய்ப் போட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

அப்பா விருதுநகர்ப் பக்கம் கூட்டத்துக்குப் போனார். அங்கி இரண்டு, வேதம், மாத்திரை, துண்டு எல்லாம் எடுத்து வைத்தேன். பையின் ஜிப்பை இழுக்கும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அப்பா தினமும் சாயங்காலம் கூட்டத்துக்கு முன்னால் போன் பண்ணுகிறார். என்னிடம்தான் பேசுவார். "சாப்பிட்டாளா? தூங்கினாளா? வலி எப்படி இருக்கு?" அம்மாவிடம் கொடுக்கவா என்று முதல் இரண்டு நாள் கேட்டேன். "வேண்டாம், அவளத் தொந்தரவு பண்ணாண்டாம்" என்றார். அப்புறம் நான் கேட்பதில்லை.

ஆனால் கடைசியில் எப்போதும், "இன்னைக்கு அம்மா என்ன சொன்னா?" என்று கேட்பார். நான் சொல்வேன். அம்மா முருங்கை மரத்து அணிலைத் திட்டினது, கஞ்சியில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு உப்புப் போட்ட பிறகு, முந்தியே நன்றாக இருந்தது என்றது. நான் சொல்வதை அப்பா நடுவில் வெட்டாமல் கேட்பார். வேறு யாரிடமும் இவ்வளவு நேரம் நான் பேசியதில்லை.

பிப்ரவரி 28, சனி

அப்பா வந்தார். ஞாயிறு ஆராதனை முடித்துவிட்டு நாளைக்கே மறுபடி போக வேண்டும். அம்மாவின் முதுகுப் புண்ணுக்கு மருந்து போடும்போது அறைக்கு வந்தவர், பார்த்துவிட்டு, போன் வருகிறது என்று வெளியே போனார். மணி அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை. என்கூடப் படித்த பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு குருமனை வழியாகப் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன். வெயில் என்று அம்மாவிடம் சொன்னேன். காலை எட்டு மணி வெயில். அம்மா, "ஆமா, வெயில்தான்" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

மத்தியானம் அம்மா அரைத் தூக்கத்தில் இருந்தாள். திடீரென்று, "கேட் சத்தம் கேட்டுது. யாருட்டீ?" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. காற்றும்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "காத்து செருப்புப் போட்டுக்கிட்டு வருமாட்டீ?" என்று கேட்டாள். அப்புறம் தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அப்பா, "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். "அப்படியேதான் கேட்டாளா? அந்த வார்த்தையேவா?" என்றார். ஆமாம் என்றேன். யாரோ அப்பாவை மேடைக்குக் கூப்பிடுவது கேட்டது.

மார்ச் 7, சனி

பெட்ஷீட் துவைத்தேன். அம்மா எதுவும் சாப்பிடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

எதிர்வீட்டு டார்லிங் அக்கா வந்தாள். பெயர் அவள் அப்பா வைத்தது, ஞானஸ்நானப் பெயரே அதுதான். ஊரில் எந்த வீட்டில் யாருக்கு முடியவில்லை என்றாலும் முதலில் நுழைவது அவள்தான். வாசலிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

"ஐயரம்மா, நான் ராத்திரியெல்லாம் அழுது அழுது கண்ணு வீங்கிப் போச்சு. எங்க வீட்ல அவுங்க, சீரியல் பாத்தியான்னு கேக்காங்க."

"என்னத்துக்குட்டீ அழுத?" என்றாள் அம்மா.

"ஐயர் பேசினதுக்குத்தான். கேக்கலியளா? எல்லார் போன்லயும் வந்துட்டே. என் மதினி துபாய்ல இருந்து அனுப்பியிருக்கா!"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன். எங்கள் போன் பட்டன் போன்.

அக்கா தன் போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்தாள். பெரிய பந்தல். அப்பா வெள்ளை அங்கியில் சின்னதாகத் தெரிந்தார். குரல் மட்டும் பெரியது. முல்லையில் ஆரம்பித்தார். கார்காலம் வந்தும் வராத புருஷனுக்காக ஒரு பெண் காத்திருக்கிற பாட்டு. சபையும் மணவாளனுக்காக இப்படித்தான் காத்திருக்கிறது என்றார். அப்புறம் நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "பழைய பாட்டுக்கு ஏன் போக வேண்டும் பிரியமானவர்களே? என் வீட்டில் ஒருத்தி படுத்திருக்கிறாள். என் மனைவி புஷ்பலீலா. எழுந்து நடக்க முடியாது. கேட் சத்தம் கேட்டால் யார் என்று கேட்கிறாள். காற்று என்று பிள்ளை சொல்கிறாள். புஷ்பலீலா கேட்கிறாள், காற்று செருப்புப் போட்டுக்கொண்டு வருமா?"

பந்தல் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. அழுகைதான், ஆனால் கடல் மாதிரி இருந்தது. அப்பாவும் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. இங்கே அழுததில்லை.

நான் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. கஞ்சித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். தட்டில் கஞ்சி அப்படியே இருந்தது. அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கழுவின தட்டையே மறுபடி எடுத்துக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அக்கா, "எவ்வளவு பிரியம் பாத்தியளா ஐயருக்கு! எங்க வீட்ல என் பேரையே மறந்து 'ஏளா'ன்னுதான் கூப்பிடுதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஊரே திரும்பிப் பாக்கும்லா. மனுஷன் என்ன செய்வாரு?" என்றாள் அம்மா. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனாள்.

பிறகு அம்மா, "நல்லாப் பேசியிருக்காரு" என்றாள். சாயங்காலம் அப்பா போன் பண்ணியபோது, அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

மார்ச் 11, புதன்

காலையில் தலை சீவும்போது அம்மாவே பேச்சை எடுத்தாள்.

"எப்சி, அகப்பாட்டுல ஒரு சட்டம் உண்டு. ஒன்பதாங் கிளாஸ்ல படிச்சிருப்ப."

எனக்கு ஞாபகம் இல்லை.

"பேர் சொல்லக்கூடாது. புருஷன் பெண்சாதிக்குள்ள நடக்கது யாருக்கு வேணும்னாலும் நடக்கும். அதனால அவன், அவ, தோழி. அவ்வளவுதான். பேர் சொல்லிட்டா அது அகத்துல இருந்து வெளிய விழுந்துரும். பேர் சொல்லிப் பாடினா அது புறம். ராஜாவப் பாடலாம், சண்டையப் பாடலாம். செத்துப்போனவங்களப் பாடலாம்."

சீப்பில் முடி கொத்தாக வந்தது. அம்மா பார்க்கும் முன்னால் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

"அந்தச் சட்டத்த அவருக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். கல்யாணம் ஆன ஆறாவது நாளோ ஏழாவது நாளோ. எவ்வளவு அழகான சட்டம்னு சொன்னாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்பம் என் பேரச் சொல்லி எனக்கு இரங்கல் பாடியாச்சு. நான் இன்னும் கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்கேன்."

நான்தான் அந்த வார்த்தையைப் போனில் சொன்னேன் என்று அம்மாவுக்குத் தெரியும். வேறு யார் சொல்லியிருக்க முடியும்? ஆனால் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஜடையைப் பின்னினேன். முடித்த பிறகு என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அடக்க ஆராதனையில அவரு பேச வேண்டாம். பாட்டு வேண்டாம், வசனம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் பக்கத்துல வந்து உக்காரணும். அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பெறகு நாங்க ரெண்டு பேரும் கோயில்ல ஒண்ணா உக்காந்ததே இல்ல. அவரு மேல இருப்பாரு, நான் கீழ முதல் பெஞ்சுல தனியா இருப்பேன். ஒரே ஒரு ஆராதனைக்கு உக்காரட்டும்."

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன்.

"நான் சொன்னா அதையும் பிரசங்கத்துல சொல்லிருவாரு."

சிரித்தாள். சிரித்ததில் வலி வந்துவிட்டது. மாத்திரை கொடுத்தேன். வாயில் போடுவதற்கு முன்னால், "நீதான் சொல்லணும்" என்றாள். நான் தலையாட்டினேன். போன வருஷம் கோயிலில் வேத பாடம் வாசிக்கப் போய், முதல் வரியிலேயே குரல் வராமல் இறங்கி வந்தவள் நான். அம்மா முதல் பெஞ்சில் இருந்து அதைப் பார்த்தாள். அது தெரிந்தும் என்னிடம்தான் சொல்கிறாள்.

மார்ச் 13, வெள்ளி

அப்பா போன் பண்ணினார். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அணில் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

அப்பா நேற்று வந்தார். ஆராதனை முடிந்து அம்மா அறைக்கு வந்து வாசலிலேயே நின்றார். ஃபேன் சத்தம் போடுகிறதே என்று ஸ்டூல் போட்டு ஏறி ஒரு துணியால் துடைத்தார். இறங்கி மாத்திரை டப்பாவை வரிசையாக அடுக்கினார். கேலண்டரில் தேதி கிழித்தார். கிழிக்க ஒன்றுமில்லாமல் போனதும் மறுபடி வாசல் பக்கம் போய் நின்றார்.

"உக்காருங்க ஐயரே. இங்க சபை கிடையாது, நான் மட்டும்தான்" என்றாள் அம்மா.

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். விருந்தாளி வீட்டில் உட்காருவது போல. "ஜனங்க எல்லாம் உனக்காக ஜெபிக்காங்க லீலா. மதுரையில ஒரு பாட்டி உபவாசமே இருக்காங்களாம்" என்றார்.

"அவங்க ஜெபிக்கது உங்க கதையில வாற பொம்பளைக்கு. அவ நல்லாருக்கட்டும்" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "எனக்கு ஒரு பாட்டு சொல்லுங்க. எனக்கு மட்டும்" என்றாள்.

நான் வெளியே போக எழுந்தேன். அம்மா, இரு என்று கண்ணைக் காட்டினாள். அப்பா தொண்டையைச் செருமினார். முல்லைப் பாட்டை ஆரம்பித்தார். மேடையில் எத்தனையோ தடவை சொன்ன பாட்டு, எனக்கே மனப்பாடம். முதல் வரி வந்தது. இரண்டாவது வரிக்கு வாயைத் திறந்தார், வரவில்லை. மறுபடி முதல் வரியில் இருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றுபோனது. கை ரெண்டும் எதையோ பிடிக்கத் தேடுகிற மாதிரி இருந்தது.

"மைக் இல்லாம வரமாட்டேங்குதா?" என்றாள் அம்மா. அவர் கைமேல் தன் கையை வைத்தாள். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். எலும்பும் ஊசிக் காயமுமாக இருக்கிற கை. "முகம் கழுவிட்டு வாரேன்" என்று எழுந்துபோனார்.

பின்பக்கக் குழாய் ரொம்ப நேரம் திறந்திருந்தது. துண்டு கொண்டுபோனேன். அப்பா குழாய்க்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். தண்ணீர் வாளி நிறைந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

அம்மா கேட் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடியே இருக்கிறாள். தூங்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

நாளைக்கு அப்பா கடைசிக் கூட்டத்துக்குப் போகிறார். அங்கி தேய்த்துவிட்டாயா என்று கேட்டார். கரண்ட் இல்லை என்றேன். கரண்ட் இருந்தது. அப்பாவின் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, கசங்கியிருந்தா பரவாயில்ல" என்றார்.

அப்பா போகாண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். அது வாய் வரைக்கும் வந்தது.

"ரெண்டு நாள்தான் எப்சி. வாக்குக் குடுத்தாச்சு. ஈஸ்டர் வரைக்கும் பயமில்லன்னு டாக்டரே சொல்லிருக்காருல்லா" என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

மார்ச் 24, செவ்வாய்

விடிந்ததும் அப்பா போனார். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அப்பா நெற்றியில் கை வைத்து ஜெபித்தார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு அம்மா, "போயாச்சா?" என்றாள்.

மார்ச் 26, வியாழன்

அம்மா காலை பத்தரை மணிக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் கேட்டாள். ஸ்பூனில் கொடுத்தேன். இரண்டாவது ஸ்பூன் உள்ளே போகவில்லை.

அப்பாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. காலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தாராம். டார்லிங் அக்கா வேறு யாருக்கோ போன் பண்ணி, அவர்கள் மேடைக்குத் துண்டுச் சீட்டு அனுப்பினார்கள். அப்பா சாயங்காலம் வந்து சேர்ந்தார். அப்போது அம்மாவைக் குளிப்பாட்டி, கல்யாணப் புடவை கட்டி, முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அம்மா காலருகில் நின்றார். வீடு நிறைய ஆட்கள். "ஐயரே, ஐயரே" என்று எல்லாரும் கையைப் பிடித்தார்கள். அப்பா ஒவ்வொருத்தருக்கும் ஆறுதல் சொன்னார். அழுகிற டார்லிங் அக்காவுக்கும் சொன்னார்.

மார்ச் 27, வெள்ளி, காலை

அடக்கம் சாயங்காலம் நான்கு மணிக்கு. பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் மூத்த போதகர் பொன்னையா ஐயர் நடத்துகிறார். ஆசீர் மாமா அப்பாவிடம், "நீங்க ரெண்டு வார்த்தை பேசணும் ஐயர்வாள். வெளியூர்ல இருந்தெல்லாம் ஆள் வாறாங்க, அதக் கேக்கத்தான் வாறாங்க" என்றார். அப்பா தலையசைத்தார்.

அப்பா உள்ளறையில் உட்கார்ந்து எழுதுகிறார். அவர் பிரசங்கத்தை எழுதி நான் பார்த்ததில்லை. இன்றைக்கு எழுதுகிறார். சொல்ல வேண்டும் என்று காப்பி கொண்டுபோனேன். நெய்தல் என்று மேலே எழுதியிருந்தது. அப்பா நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார். கண் சிவந்திருந்தது. காப்பி என்றேன்.

இன்னொரு தடவை போனேன். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 28, சனி

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

கோயில் நிறைந்து வெளியே பந்தலிலும் ஆட்கள். அம்மாவின் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால், பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சை ஒட்டி வைத்தார்கள். அந்த பெஞ்சில் நான் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தேன். எனக்கு அடுத்து டார்லிங் அக்கா. வந்திருந்த ஐயர்மார் எல்லாரும் அங்கி போட்டு மேலே உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் அங்கி போட்டுக்கொண்டு அவர்களோடு போய் உட்கார்ந்தார். அதே கசங்கின அங்கி.

பாட்டு, ஜெபம், வேத பாடம் எல்லாம் முடிந்தது. பொன்னையா ஐயர் அம்மாவைப் பற்றிச் சுருக்கமாகப் பேசினார். பிறகு, "நம் அன்புக்குரிய ஐயர் சில வார்த்தைகள் பேசுவார்கள்" என்றார். உட்கார இடமில்லாமல் நின்றவர்கள்கூட இரண்டு எட்டு முன்னால் வந்தார்கள். யார் யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அப்பா மைக்குக்கு முன்னால் வந்து தாளை விரித்தார். "ஒரு கடற்கரை" என்றார். அந்தக் குரல் மாறவே இல்லை. "படகு போய்விட்டது. கரையில் ஒருவன் நிற்கிறான். நெய்தல் நிலத்தில் நிற்கிறவனுக்குத் தெரியும், போன படகுக்கும் அவனுக்கும் நடுவில்..." நிறுத்தினார். அந்த இடத்தில் அவர் எப்போதும் நிறுத்துவார். அடுத்து வருவது எனக்குத் தெரிந்துவிட்டது. "என் மனைவி" என்றார்.

நான் எழுந்தேன். எப்படி என்று தெரியவில்லை. டார்லிங் அக்கா என் தாவணியைப் பிடித்து, "எங்கட்டீ போற?" என்றாள். நான் பெட்டியைச் சுற்றிக்கொண்டு படி ஏறினேன். மேலே இருந்த ஐயர்மார் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா பேச்சை நிறுத்திவிட்டு, எனக்கு மயக்கம் வருகிறதோ என்று நினைத்து என் தோளைப் பிடித்தார்.

"அப்பா, அம்மா பக்கத்துல வந்து உக்காருங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். மைக் அதை எடுத்துக்கொண்டது. கோயில் முழுக்க, பந்தலில், குருமனைப் பக்கத்துக் குழாய் ரேடியோவில் எல்லாம் என் குரல் கேட்டது. அது என் குரல் மாதிரியே இல்லை.

அப்பா குனிந்து, "ரெண்டு வார்த்தைதான் எப்சி, சொல்லிட்டு வந்துருதேன்" என்றார்.

"பேர் சொல்லாண்டாம்ப்பா. பாட்டும் வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காரச் சொன்னா. அம்மாதான் சொல்லச் சொன்னா."

அப்பா என்னையே பார்த்தார். பேர் என்ற வார்த்தையில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆசீர் மாமா கீழே இருந்து எழுந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அப்பா தாளை மடிக்கவில்லை, மைக் இருந்த மேசை மேலேயே விட்டுவிட்டார். அங்கியின் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். விரல் வழுக்கியது. நான் கழற்றிவிட்டேன். அங்கியைப் பொன்னையா ஐயர் வாங்கிக்கொண்டார்.

கீழே வந்து, பெண்கள் பக்கத்தில் எங்கே உட்காருவதென்று தெரியாதவர் போல அப்பா நின்றார். நான் டார்லிங் அக்காவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, நானும் தள்ளி உட்கார்ந்து, பெட்டியை ஒட்டின இடத்தை அப்பாவுக்கு விட்டேன்.